எந்த வேலைக்கு எந்தக் கன் என்பதையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு முன்னால் உங்கள் இணைப்பிதழில், வீட்டுக்கு நாமே பெயிண்ட் அடிப்பது பற்றி ஒரு கட்டுரை வந்தது. நல்ல எண்ணத்தில் எழுதியிருக்கிறார்கள், பட்டி பார்ப்பது பற்றிய பகுதி நன்றாகவே இருந்தது. ஆனால் நடுவில், ஒரு ஸ்ப்ரே கன் வாங்கிவிட்டால் சுவர், கதவு, கிரில் கேட் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று போகிறபோக்கில் ஒரு வரி. இந்தக் கடிதம் அந்த வரிக்காகத்தான்.

நான் பொள்ளாச்சியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். கம்ப்ரசர், ஏர்லெஸ் மெஷின், ஏணி, சாரம் எல்லாம் வாடகைக்கும் விடுகிறேன். என் அப்பா பெயிண்டிங் மேஸ்திரி. கன் பிடிக்கும் ஆட்களோடுதான் எனக்கு நாள் முழுக்கப் பேச்சு. "அக்கா, ஒரு கன் குடுங்க" என்று யார் வந்தாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "என்ன பெயிண்ட் அடிக்கப் போறீங்க?" என்பதுதான். பெயிண்ட் எது என்று தெரிந்தால் எந்த மெஷின் என்பது பாதி முடிவாகிவிடும். மீதிப் பாதி, எதன் மேல் அடிக்கிறோம், எங்கே வைத்து அடிக்கிறோம் என்பது. பெரும்பாலும் நடப்பது தலைகீழ். கையில் ஒரு கன் இருக்கிறது, அதில் போகிற அளவுக்குப் பெயிண்டில் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

இப்போது ஆன்லைனில் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கையடக்க எலக்ட்ரிக் கன் கிடைக்கிறது. 800 மில்லி கப், கூடவே பெயிண்டின் இளக்கத்தைப் பார்க்க ஒரு குட்டிப் பிளாஸ்டிக் கப். அதை நான் மட்டமான பொருள் என்று சொல்லவே மாட்டேன். மர நாற்காலி, பூந்தொட்டி ஸ்டாண்ட், சின்ன அலமாரி, வார்னிஷ் வேலை என்று நீர்த்த பெயிண்டில் அது அழகாக வேலை செய்யும். ஆனால் சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் கெட்டியானது. இந்தச் சின்ன கன்னின் காற்றுக்கு அதை உடைத்துத் தூவும் பலம் இல்லை. அதனால் டின்னில் போட்டிருக்கும் அளவைத் தாண்டித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அடிக்கும்போது வழவழவென்று நன்றாகத்தான் போகும். காய்ந்த பிறகு பழைய நிறம் கீழேயிருந்து எட்டிப் பார்க்கும். மூன்று கோட், நான்கு கோட் என்று இழுக்கும். பெயிண்டைப் பிடித்து வைக்கும் பசை நீர்த்துப் போனதால், கொஞ்ச நாளில் சுவரைத் தொட்டால் விரலில் மாவாக ஒட்டும். அப்புறம் பெயிண்ட் மட்டம் என்று எங்களிடம் வந்து நிற்பார்கள். கம்பெனியைத் திட்டுவார்கள். பெயிண்டின் மேல் தப்பே இருக்காது.

இந்தக் கருவிகள் பிறந்த கதையைப் பார்த்தாலே, ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக வந்தது என்பது புரியும். விவேகானந்தர் பேசிய சர்வசமய மாநாடு நடந்த அதே 1893-ல், சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே அவ்வளவு பெரிய கட்டடங்களுக்கு பிரஷ் வைத்து வெள்ளையடித்து மாளாது என்று பம்பு வைத்துத் தெளித்தார்கள். நம் ஊர்க் கைப்பம்பு அந்த வழியில் வந்தது. இன்னொரு பக்கம், அதே அமெரிக்காவின் டோலிடோ நகரில் டெவில்பிஸ் என்ற டாக்டர் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு கருவி செய்திருந்தார். அவருடைய மகன் 1907-ல் அதைப் பெயிண்டுக்கு மாற்றினார். இன்றைக்கு டிங்கரிங் பட்டறையில் தொங்குகிற காற்று கன்னுக்கு மூதாதை அதுதான். தொண்டை மருந்து தெளித்த வம்சத்தில் வந்ததை வைத்துக் கெட்டி எமல்ஷனை அடித்தால் எப்படிப் போகும்?

வீட்டுச் சுவருக்கு ஏற்ற மெஷின் ஏர்லெஸ். பெயரே சொல்கிறது, இதில் காற்று வேலை செய்வதில்லை. பம்பு பெயிண்டையே அழுத்தி ஒரு மயிரிழைத் துளை வழியாகத் தள்ளுகிறது, வெளியே வரும் வேகத்தில் பெயிண்ட் தானாக உடைந்து விசிறி மாதிரி விரிகிறது. எமல்ஷனைக் கெட்டியாகவே, டின்னில் சொன்ன அளவுக்குள் கலந்து அடிக்கலாம். வாடகைக்கு எடுப்பவர்கள் மெஷினின் குதிரைத்திறனை விசாரிக்கிறார்களே தவிர, முனையில் மாட்டும் டிப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வேலை நன்றாக வருவதும் கெடுவதும் அந்த டிப்பில்தான் இருக்கிறது.

டிப்பின் மேல் 517 என்று ஒரு எண் இருக்கும். முதல் இலக்கம் 5, அதை இரண்டால் பெருக்குங்கள், 10. சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிப் பிடித்து அடித்தால் விசிறி 10 அங்குல அகலத்துக்கு விழும் என்று அர்த்தம். கடைசி இரண்டு இலக்கம் 17, அதாவது துளையின் அளவு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு. உள்சுவர் எமல்ஷனுக்கு 515 அல்லது 517 போதும். பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமருக்கு 517, 519. வெளிச்சுவருக்கு அடிக்கும் ரப்பர் மாதிரி இழுபடும் கெட்டிப் பெயிண்டுக்குக் கடைசி இரண்டு இலக்கம் 21-க்கு மேல் வேண்டும். கதவுக்கு எனாமல் என்றால் 310, 312 என்று சின்னதாகப் போகணும், விசிறியும் 6 அங்குலத்தோடு நிற்கும். இன்னொன்று, உங்கள் மெஷின் எவ்வளவு பெரிய துளை வரை தாங்கும் என்பது மெஷின் மேலேயே எழுதியிருக்கும். அதற்கு மேல் பெரிய டிப் போட்டால் பம்பு எவ்வளவு திணறினாலும் அழுத்தம் நிற்காது.

டிப் சரியா என்று பார்க்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். பழைய நாளிதழை விரித்துச் சுவரில் ஒட்டி, அதன் மேல் ஒரு இழுப்பு அடித்துப் பாருங்கள். விசிறியின் நடுவில் பெயிண்ட் மெல்லியதாகவும், மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் தடித்த கோடாகவும் விழுந்தால் அதை நாங்கள் வால் விழுகிறது என்போம். அழுத்தம் போதவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வால் மறைந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் பெயிண்ட் புகையாகப் பறந்து வீணாகும். முழு அழுத்தம் கொடுத்தும் வால் போகவில்லையென்றால் இன்னும் சின்ன டிப்புக்கு மாறுங்கள். 10 அங்குலம் விழ வேண்டிய விசிறி 7 அங்குலம்தான் விழுகிறது என்றால் துளை தேய்ந்துவிட்டது. அப்படிப்பட்ட டிப்பை வைத்துக்கொண்டு இழுப்பவர்கள், டிப்பில் மிச்சம் பிடித்த காசைப் போல பல மடங்கைப் பெயிண்டில் கொட்டுகிறார்கள்.

இவ்வளவு சொன்ன நானே, எல்லா வீட்டுக்கும் ஏர்லெஸ் எடுங்கள் என்று சொல்வதில்லை. புது வீடு, ஜன்னல் கண்ணாடி போடவில்லை, தரை இன்னும் பாலிஷ் ஆகவில்லை என்றால் தாராளமாக எடுங்கள், வேலை பறக்கும். கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், குடோன் போன்ற பெரிய சுவர்களுக்கும் அப்படியே. ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் இரண்டு அறை மட்டும் அடிக்கணும் என்றால் ரோலர்தான். மாஸ்கிங் டேப், பேப்பர், பிளாஸ்டிக் ஷீட் எல்லாம் ஒட்டி ஃபேன், சுவிட்ச், கட்டில், பீரோ அனைத்தையும் மூடி முடிப்பதற்குள் ஒரு நல்ல பெயிண்டர் ரோலரில் முதல் கோட்டை முடித்திருப்பார். என் கடையிலேயே இப்படி விசாரித்துவிட்டு மெஷினைத் திருப்பி அனுப்பிய நாட்கள் உண்டு. வாடகை போகும், போகட்டும். ஸ்ப்ரே அடித்த சுவரில் பின்னால் பிரஷ்ஷால் ஒட்டுப்போட்டால் அந்த இடம் தனியாகத் தெரியும், அதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். புதுப் பூச்சில் பிரைமர் அடிக்கும்போது ஒருவர் கன்னில் அடித்துக்கொண்டே போக, பின்னாலேயே இன்னொருவர் ஈரத்தோடு ரோலர் ஓட்டிக்கொண்டு வரணும். அப்போதுதான் சிமென்டின் நுண்துளைக்குள் பிரைமர் இறங்கும். ஆள் கூலி மிச்சம் என்று இதை விட்டுவிடுகிறார்கள்.

கிரில் கேட் விஷயத்தில் கட்டுரை சொன்னதற்கு நேர் எதிராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்டில் கம்பியைவிட ஓட்டைதான் அதிகம். கன்னில் அடிக்கிற பெயிண்டில் பெரும்பகுதி ஓட்டை வழியாகப் போய்ப் பக்கத்து வீட்டுக் காரில் உட்காரும். எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு, ஆடி மாதத்தில் கேட்கவே வேண்டாம். மாட்டியிருக்கும் கேட்டுக்கு ஒன்றரை அங்குல பிரஷ்ஷும் சின்ன ரோலரும் எடுத்துக்கொள்ளுங்கள். ரெட் ஆக்சைடு பிரைமரும் பிரஷ்ஷில் தேய்த்து அடித்தால்தான் வெல்டிங் மூலைகளில் ஏறும். கன்னில்தான் வேண்டும் என்றால், மாட்டுவதற்கு முன்னால் பட்டறையிலேயே படுக்க வைத்து அடித்துவிடச் சொல்லுங்கள். புது கேட் என்றால் பவுடர் கோட்டிங் கொடுப்பதையும் யோசிக்கலாம். மின்னூட்டம் கொடுத்த பவுடர் கம்பியின் பின்பக்கமும் போய்ச் சுற்றி ஒட்டும், அப்புறம் அடுப்பில் 180, 200 டிகிரியில் வேக வைப்பார்கள். கோவையில் அதற்கான பட்டறைகளுக்குக் குறைவில்லை.

மர வேலைக்கு, மரத்தின் மேல் பளபளப்புக்காக அடிக்கும் மெலமின், பி.யூ. (பாலியூரிதேன்), என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் இதற்கெல்லாம் கம்ப்ரசரும் காற்று கன்னும்தான் சரி. இங்கே நீர்த்த பெயிண்ட், மெல்லிய கோட், கண்ணாடி மாதிரி வழவழப்பு, மூன்றும் அந்த கன்னுக்குக் கைவந்த கலை. லேக்கருக்கும் பி.யூ.வுக்கும் 1.4 மில்லிமீட்டர் நாசில் (கன்னின் முனைத் துளை), அடிப்பூச்சாகப் போடும் சர்ஃபேஸர் மாதிரி கெட்டியானதுக்கு 1.8. காருக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான், ஆனால் அது தனிப் படிப்பு, நான் அதற்குள் போகவில்லை. பெயிண்ட் வீணாவது குறையணும் என்றால் ஹெச்.வி.எல்.பி. கன் இருக்கிறது. காற்று நிறைய, அழுத்தம் குறைவு என்ற முறை, முனையில் காற்றின் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) மேல் போகாது. பழைய கன்னைவிடப் பொருளின் மேல் பெயிண்ட் நன்றாகத் தங்கும், புகை குறையும். நம் ஆட்கள் கோட்டை விடுவது கம்ப்ரசரில். அந்த வகை கன்கள் பலவற்றுக்கும் நிமிடத்துக்கு 10 கன அடிக்கு மேல் காற்று வேண்டும். 1 ஹெச்.பி. கம்ப்ரசர் 4 கன அடி தந்தாலே பெரிது. கொஞ்ச நேரம் நன்றாக அடிக்கும், டேங்க் காலியானதும் பொட்டுப் பொட்டாகத் துப்பும். கன்னை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டு வருவார்கள். கன்னின் டப்பாவில் எத்தனை சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) என்று பார்த்துவிட்டு அதற்குப் பொருந்துகிற கம்ப்ரசரைத் தேடுங்கள். கம்ப்ரசருக்குப் பெயர் போன எல்ஜி கோவைக் கம்பெனிதான், இந்த விவரத்தை எடுத்துச் சொல்ல நம் பக்கம் ஆளுக்குப் பஞ்சமில்லை.

மர வேலைக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லேக்கர் அடித்தால் மேலே வெள்ளை பூக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படிந்துவிடுகிறது. மழை விட்டு வெயில் ஏறும் நாளுக்காகக் காத்திருங்கள். கம்ப்ரசர் டேங்கின் அடியில் இருக்கும் வால்வைத் தினமும் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள், குழாயில் காற்றின் ஈரத்தைப் பிரித்தெடுக்கும் வாட்டர் செப்பரேட்டர் மாட்டுங்கள்.

சுண்ணாம்பு பற்றியும் கேட்பார்கள். பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்கள் ஷெட்டுக்கு அடிக்க ஏர்லெஸ் கேட்டு வருவதுண்டு. கொடுக்க மாட்டேன். சுண்ணாம்பில் இருக்கும் பொடிமணல் பிஸ்டனையும் டிப்பையும் அரித்துவிடும். அதற்குக் கைப்பம்பு போதும். துணியில் வடிகட்டி ஊற்றணும், முடிந்த கையோடு நல்ல தண்ணீர் விட்டு அலசணும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டே ஆகணும். கொஞ்ச இடம் என்றால் வெள்ளையடிக்கும் பழைய மட்டையை மிஞ்ச ஒன்றும் இல்லை.

இப்போது, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த முக்கியக் காரணத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையில் ஆபத்து பற்றி ஒரு சொல் இல்லை.

கார் டயரில் நாம் அடிக்கிற காற்று 30 பி.எஸ்.ஐ. சொச்சம். ஏர்லெஸ் மெஷினின் முனையில் பெயிண்ட் 2,000, 3,000 பி.எஸ்.ஐ.யில் வருகிறது. என்னிடம் மெஷின் எடுத்துப் போன ஒரு தம்பி, டிப் அடைத்துக்கொண்டது என்று டிரிகர் லாக் (கன்னின் விசையைப் பூட்டும் பூட்டு) போடாமல், அழுத்தத்தையும் இறக்காமல், ஆள்காட்டி விரலால் முனையைத் துடைத்திருக்கிறான். விரல் நுனியில் ஊசி குத்தினது மாதிரி ஒரு புள்ளி, அவ்வளவுதான். ரத்தம்கூட வரவில்லை. தண்ணீரில் கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறான். சாயங்காலம் மெஷினைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது விரல் தடித்து வெளுத்து விறைத்திருந்தது, மடக்க முடியவில்லை. "ஒண்ணுமில்லக்கா, சரியாயிடும்" என்றான். அப்படியே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். அன்று இரவே விரலை உள்ளங்கை வரை கீறி உள்ளே போன பெயிண்டைச் சுத்தம் செய்தார்கள். விரல் பிழைத்தது, ஆனால் இன்றும் முழுதாக மடங்காது. பெயிண்டர் ஒருவருக்கு ஆள்காட்டி விரல் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயிண்ட் தோலைத் துளைத்து உள்ளே போய், நரம்பும் தசைநாரும் போகிற வழியே பரவிவிடும். வெளியே புள்ளிதான் தெரியும். இதை வெட்டுக்காயமாக நினைத்து டிங்சர் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. அந்த நிமிடமே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போகணும். போகும்போது டின்னின் லேபிளை போட்டோ எடுத்துக்கொண்டு போகணும், உள்ளே போனது தண்ணீர்ப் பெயிண்டா தின்னர்ப் பெயிண்டா என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும். "ஏர்லெஸ் மெஷின், அழுத்தத்தோடு பெயிண்ட் விரலுக்குள்ளே போயிடுச்சு" என்று தெளிவாகச் சொல்லணும். டிப் அடைத்தால், டிரிகரை லாக் செய்து, மெஷினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். இதை இப்போது மெஷினின் மேலேயே தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன், வாயாலும் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

மூச்சு விஷயமும் இதே அளவு முக்கியம். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பி.யூ. அடிக்கிறார்கள். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யூ.வின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். தூசி மாஸ்க் இதற்கு எந்த வகையிலும் போதாது, வெளியிலிருந்து நல்ல காற்று குழாயில் வரும் முகக்கவசம் வேண்டும். அந்த வசதி இல்லாதவர் வீட்டுக்குள் அந்த வேலையைச் செய்யவே வேண்டாம். எனாமல், லேக்கர் அடிக்கக் கரிக் கேட்ரிட்ஜ் போட்ட மாஸ்க், முன்னால் தூசி வடிகட்டியோடு. அடிக்கும் அறையில் காற்றோட்டம் வேண்டும், சாமி விளக்கு, காஸ் அடுப்பு, பீடி, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது. பழைய கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உலர்ந்த தூசியாகக் கிளப்பினால் முதலில் பாதிக்கப்படுவது தவழ்கிற குழந்தை.

நான் கேட்பது மூன்று விஷயம். பெயிண்ட் கம்பெனிகள் டின்னில் பிரஷ், ரோலருக்கு எவ்வளவு கலக்கலாம் என்று போடுவதோடு, ஏர்லெஸ்ஸுக்கு எந்த டிப், காற்று கன்னுக்கு எந்த நாசில் என்பதையும் தமிழில் போடட்டும். அந்த விவரம் அவர்களிடமே இருக்கிறது, ஆங்கிலத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள், கன் பிடிக்கிற கைக்குத்தான் அது வந்து சேரவில்லை. என்னைப் போல மெஷின் வாடகைக்கு விடுபவர்கள் மாஸ்க்கும் கையுறையும் இல்லாமல், டிரிகர் லாக்கைக் காட்டாமல் ஒரு மெஷினையும் வெளியே அனுப்ப வேண்டாம். மூன்றாவது உங்களிடம். அதே இணைப்பிதழில், அதே அளவு இடத்தில், எந்த வேலைக்கு எந்தக் கன் என்று ஒரு கட்டுரை போடுங்கள். அதை எழுதுகிறவர் ஐ.டி.ஐ.யில் பெயிண்டர் பிரிவுக்குப் பாடம் நடத்தும் ஒருவரிடமும், சாரத்தில் நிற்கும் ஒரு பெயிண்டரிடமும் கேட்டு எழுதட்டும். சித்திரை பிறந்தால் கிரகப்பிரவேச வேலைகள் மும்முரமாகிவிடும், அதற்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
பெயிண்ட், கருவி வாடகைக் கடை நடத்தும் ஒரு வாசகி,
பொள்ளாச்சி